சாம்பலும் விரிசலும்: வீட்டு வார்ப்பில் நிலக்கரிச் சாம்பலின் பங்கு

கும்ப மாதம், அதாவது நம் மாசி பிறந்துவிட்டால், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் கான்கிரீட் மிக்சர் சத்தம் கேட்காத நாளே இராது. மழை ஓய்ந்திருக்கும். சித்திரையிலோ வைகாசியிலோ பால்காய்ப்புக்கு நாள் குறித்து வைத்திருப்பார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணமும், கூட்டுறவு வங்கியில் பத்திரத்தை ஈடு வைத்து வாங்கிய கடனும் ஒரே நாளில் மேற்கூரையாக மாறும். வார்ப்பு நாளில் வேலைக்காரர்களுக்குக் கோழிக்கறிச் சாப்பாடு போடுவதும் இங்குள்ள வழக்கம். அன்று அந்த வீட்டில் ஒரு சிறு கல்யாணம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வார்ப்பு முடிந்த மறுநாள், உறவுமுறையில் எனக்கு அக்காவான ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மாடியில தண்ணி கட்டலாம்னு ஏறிப் பாத்தேன். அங்கிட்டும் இங்கிட்டுமா கீறிக் கெடக்கு. சாம்பல் கலந்த சிமெண்ட் வாங்கினதுதான் கொழப்பம்னு மேஸ்திரி சொல்லுதாரு. உள்ளதா?"

அந்த 'உள்ளதா?' என்ற கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கான்கிரீட்டில் இளம் பருவத்திலேயே விழும் விரிசலைக் குறைப்பதற்காக உலகெங்கும் பொறியாளர்கள் விரும்பிச் சேர்க்கும் பொருள்தான் நிலக்கரிச் சாம்பல். அதே பொருளை நம் ஊர் மேஸ்திரி விரிசலுக்குக் காரணம் என்கிறார். இரண்டு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. எது எந்த இடத்தில் உண்மை என்று தெரிந்துகொண்டால், வாழ்நாள் சேமிப்பில் கட்டும் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

எல்லை தாண்டி வரும் சாம்பல்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்தாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. சிமெண்டின் கதையும் அப்படித்தான். கேரளத்தில் வாளையாறில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை இருக்கிறது. இருந்தாலும் திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களின் ஆலைகளிலிருந்து வரும் மூட்டைகளும் நம் கடைகளில் அடுக்கியிருப்பதைக் காண்கிறோம். திருநெல்வேலிக்கு அருகே சங்கர்நகரில் 1949 முதலே சிமெண்ட் உற்பத்தி நடந்து வருகிறது.

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல்மின் நிலையம் கேரளத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தூத்துக்குடியில் உண்டு. அங்கே நிலக்கரியை மாவுபோல அரைத்து உலைக்குள் ஊதி எரிக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 டிகிரி வெப்பத்தில் கரி எரிந்துபோக, அதற்குள் இருந்த களிமண், மணல் போன்ற தாதுக்கள் உருகிச் சிறு துளிகளாகின்றன. புகையோடு மேலே போகும்போது அவை குளிர்ந்து கண்ணாடி மணிகளாக உருண்டு விடுகின்றன. மின்சாரத்தால் தூசியைப் பிடிக்கும் கருவிகள் அவற்றைப் புகைபோக்கிக்குப் போகுமுன் பிடித்துக்கொள்கின்றன. புகையோடு பறந்து வருவதால் இதற்குப் 'பறக்கும் சாம்பல்' என்று பெயர். உலர் சாம்பல் என்றும் சொல்வர்.

அடுப்புச் சாம்பல், விறகுச் சாம்பல், குப்பை எரித்த சாம்பல் ஆகியவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "சாம்பல்தானே, நம்ம வீட்டிலயே கெடக்கே" என்று யாரும் கலந்துவிடக் கூடாது. கான்கிரீட்டுக்கான நிலக்கரிச் சாம்பலுக்கு ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தரநிலை உண்டு. அது எவ்வளவு நைசாக இருக்க வேண்டும், எரியாத கரி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு வைத்திருக்கிறது.

இந்தச் சாம்பலைச் சிமெண்ட் ஆலையிலேயே கலந்து வருவதுதான் பி.பி.சி. எனப்படும் போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட். ஐ.எஸ். 1489 தரநிலையின்படி அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கலாம். ஆகவே சாம்பல் கலப்பது கலப்படம் அல்ல. சட்டப்படியும் அறிவியல்படியும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. சாம்பலை மலைபோலக் குவித்து வைத்தால் காற்றும் நீரும் கெடும் என்பதால், 1999-இல் மத்திய அரசு இதன் பயன்பாட்டைக் கட்டாயமாக்கும் அறிவிக்கையை வெளியிட்டது. 2021 டிசம்பரில் வந்த அறிவிக்கை, உண்டாகும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று விதித்தது.

செங்கல்பொடி போட்ட முன்னோர்

சாம்பல் சிமெண்டில் என்ன செய்கிறது? சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, கல்லும் மணலும் ஒட்டிக்கொள்ளும் பசைப்பொருள் உண்டாகிறது. கூடவே சுண்ணாம்பும் வெளிப்படுகிறது. இந்தச் சுண்ணாம்பால் வலுவுக்குப் பயனில்லை. நாளடைவில் நீரில் கரைந்து, ஒழுகும் கூரையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிவது இதுதான். சாம்பலில் உள்ள கண்ணாடி மணிகள் இந்தச் சுண்ணாம்போடு மெல்ல மெல்லச் சேர்ந்து மேலும் பசைப்பொருளை உண்டாக்குகின்றன. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. ஆனால் இந்த வேலை நாள்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அதற்கு ஈரம் வேண்டும். ஈரம் காய்ந்தால் வேலை நின்றுபோகும்.

இது நமக்குப் புதிய செய்தியல்ல. சுண்ணாம்போடு செங்கல்பொடி சேர்த்து அரைத்த சுர்க்கிக் காரையைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை அந்தக் காரையால் கட்டப்பட்டதே. சுட்ட களிமண்ணாகிய செங்கல்பொடி அங்கே செய்த வேலையைத்தான், உலையில் சுடப்பட்ட களிமண்ணாகிய சாம்பல் இங்கே செய்கிறது. இத்தாலியில் பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை ரோமானியர் சுண்ணாம்போடு கலந்தார்கள்; அந்த ஊரின் பெயரிலிருந்தே 'பொசோலானா' என்ற சொல் வந்தது.

நிலக்கரிச் சாம்பலைப் பெரிய அளவில் சேர்த்தது அணைக்கட்டுகளில்தான். அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்தில் 1953-இல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையும், நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தில் 1962-இல் முடிந்த ரிஹந்த் அணையும் குறிப்பிடத்தக்கவை. அணைக்கு ஏன் சாம்பல் என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால், விரிசல் எப்படி விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்கு வகை விரிசல்

இளங்கான்கிரீட்டில் விழும் விரிசல்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மேற்பரப்பு வறண்டு விழும் விரிசல். போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். கான்கிரீட்டைப் பரப்பியதும் கல்லும் மணலும் மெல்லக் கீழே படிய, கொஞ்சம் தண்ணீர் மேலே ஊறி வரும். வெயிலும் காற்றும் அந்தத் தண்ணீரை, அது ஊறி வரும் வேகத்தைவிட வேகமாகக் குடித்துவிட்டால் மேல்தோல் சுருங்கும். அப்போது அதற்கு இழுவையைத் தாங்கும் வலு கொஞ்சமும் கிடையாது. உடனே கீறும். ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆபத்து என்பது பழைய கணக்கு. சாம்பல் சேர்ந்த கலவையில் ஊறி வரும் தண்ணீர் குறைவாக இருக்கும் என்பதால், அதில் பாதி வேகத்திலேயே எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இரண்டாவது, படிவு விரிசல். கான்கிரீட் கீழே படியும்போது கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் படிய முடியாமல் தொங்கும். கம்பியின் நேர் மேலே, கம்பி போகிற போக்கிலேயே கோடு விழும். தண்ணீர் மிகுந்த கலவை, கம்பிக்கு மேலே போதிய கனமில்லாமை ஆகிய இரண்டும் இதற்குக் காரணம்.

மூன்றாவது, சூட்டு விரிசல். சிமெண்ட் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். கனமான கட்டுமானத்தில், ஒரு கன மீட்டரில் உள்ள ஒவ்வொரு 100 கிலோ சிமெண்டுக்கும் ஏறத்தாழ 12 டிகிரி சூடு ஏறும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 350 கிலோ சிமெண்ட் போட்டால் உள்ளே 40 டிகிரி ஏறும். இறக்கி வைத்த சோற்றுப்பானை மாதிரி உள்ளே கொதிக்க, வெளிப்புறம் ஆறிவிடும். பிறகு முழுதும் ஆறும்போது சுருங்கும். 20 டிகிரி ஆறினால் 10 மீட்டர் நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். அடியில் பாறையோ பழைய கான்கிரீட்டோ அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டால், இளங்கான்கிரீட் அதில் பாதி இழுவையைத்தான் தாங்கும். மீதி விரிசலாகும். அணைகளில் சாம்பல் சேர்த்தது இதற்காகத்தான். சாம்பல் வெளியிடும் வெப்பம் அதே எடைச் சிமெண்டின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவு; அதுவும் நிதானமாகவே வெளிப்படும்.

நான்காவது, உலர் விரிசல். வாரங்கள், மாதங்கள் போகப்போகத் தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் வெளியேறுவதால் வருவது.

முக்கோலையிலிருந்து காரோடு வரையுள்ள புறவழிச்சாலையில் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி தாரால் அல்ல, கான்கிரீட்டால் ஆனது. அதில் குறுக்கே ஒழுங்காகக் கோடுகள் இருக்கும். கான்கிரீட் சாலைகளில் வழக்கமாக நாலரை மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், போட்ட சில மணி நேரத்துக்குள் ரம்பத்தால் அறுத்து விடுவார்கள். 'சுருங்கித்தான் தீருவேன் என்றால் நான் போட்ட கோட்டில் விரிந்துகொள்' என்று கான்கிரீட்டுக்கு வழிகாட்டுவதே அது. அறுக்கத் தாமதித்தால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். வீட்டுக் கூரையை இப்படி அறுக்க முடியாது. ஆகவே அங்கே காரணங்களைத்தான் குறைக்க வேண்டும்.

கடல் கடந்த ஒரு கோயில்

கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலையை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. அவரே வடிவமைத்த மற்றொரு பணி, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் உள்ள இறைவன் கோயில். யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளைக் குருவாகக் கொண்ட சிவாய சுப்பிரமுனியசுவாமி அங்கே நிறுவிய சைவ ஆதீனத்தின் கோயில் அது. பெங்களூர் அருகே நம் சிற்பிகள் உளியால் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் எழுப்பினார்கள். 2023-இல் குடமுழுக்கு நடந்தது.

ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். ஆனால் கம்பி கட்டக் கூடாது. ஏனென்றால் இரும்பு என்றாவது துருப்பிடிக்கும், துரு உப்பும், உப்பினால் கான்கிரீட் பிளக்கும். கம்பி இல்லை என்றால் விரிசலை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. ஆகவே விரிசலே விழக் கூடாது. அதுவோ சுமார் 117 அடி நீளம், 56 அடி அகலம், 4 அடி கனமுள்ள அடித்தளம். வழக்கமான சிமெண்ட் கலவை போட்டால் உள்ளே சூடேறி வெடிப்பது உறுதி.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா இதற்கு வகுத்த வழி சாம்பல். ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் சுமார் 106 கிலோ மட்டும். சாம்பல் அதைவிட அதிகமாகச் சுமார் 142 கிலோ. 1999-இல் இரண்டு அடுக்காக வார்த்தார்கள். தண்ணீரை மிகக் குறைத்தார்கள். 28 நாள் வலுவை எதிர்பார்க்காமல் 90 நாள் வலுவைக் கணக்கில் கொண்டார்கள். அடித்தளம் விரிசலின்றி அமைந்தது. சாம்பலால் விரிசலைத் தவிர்த்ததற்கு உலகப் பொறியியலாளர்கள் எடுத்துக்காட்டும் பணிகளில் இதுவும் ஒன்று.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, 'சாம்பல் போட்டார்கள், விரிசல் விழவில்லை' என்ற ஒற்றை வரியை அல்ல. சிமெண்டைக் குறைத்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்கள், ஈரம் காத்தார்கள், பொறுத்திருந்தார்கள். சாம்பல் அந்த நால்வருக்கும் துணை நின்றது.

நம் கூரைக்கு வருவோம்

நம் வீட்டுக் கூரையின் கனம் நான்கு அல்லது ஐந்து அங்குலம். மேலும் கீழும் காற்றுப் படுவதால் உண்டாகும் சூடு தங்காமல் வெளியேறிவிடும். ஆகவே அணைக்கும் கோயில் அடித்தளத்துக்கும் கிடைத்த முதல் நன்மை, சூட்டைக் குறைப்பது, நம் கூரைக்குப் பெரிதாகக் கிடைப்பதில்லை. கனமான அஸ்திவாரம், பாலத் தூண், நீளமான தாங்குசுவர், பெரிய நீர்த்தொட்டி ஆகியவற்றில் அது நிச்சயம் கிடைக்கும்.

இரண்டாவது நன்மை தண்ணீரைக் குறைப்பது. சாம்பல் மணிகள் உருண்டையாக இருப்பதால் கலவை வழுவழுப்பாகப் புரளும். குறைந்த தண்ணீரிலேயே வேலை ஓடும். தண்ணீர் குறைந்தால் படிவு விரிசலும் உலர் விரிசலும் குறையும். ஆனால் மிக்சர் அருகே நிற்பவர் வழக்கமான வாளிக் கணக்கிலேயே ஊற்றினால் இந்த நன்மையும் போயிற்று. குழம்பு மாதிரி ஓடினால்தான் நல்ல கான்கிரீட் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் மாறவில்லை.

மூன்றாவது நன்மை நுண்துளை அடைபடுவது. ஒழுக்கு குறையும், பூவார், பொழியூர், கொல்லங்கோடு போன்ற கடலோர ஊர்களில் உப்பு உள்ளே போய்க் கம்பியை அரிப்பதும் குறையும். இது நீண்ட நாள் ஈரம் காத்தால் மட்டுமே கிடைக்கும்.

இனி, கெடுதலாக அமையக்கூடிய ஒன்று. சாம்பல் சேர்ந்த கான்கிரீட் சற்றுத் தாமதமாக இறுகும். மேலே ஊறி வரும் தண்ணீரும் குறைவு. மீன மாதத்து உச்சி வெயிலில், வடக்கத்திக் காற்று அடிக்கும் மொட்டை மாடியில், மூடாமல் விட்டால் என்ன ஆகும்? இறுகாத நிலையில் அதிக நேரம் வெயிலில் கிடக்கிறது. தோலுக்குத் தண்ணீரும் போதவில்லை. முதல் வகை விரிசல் சாதாரணச் சிமெண்டைவிட எளிதாக விழும். மேஸ்திரி சொன்னதில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

அக்கா வீட்டு மாடியில் நான் கண்டதும் அதுதான். கம்பியின் போக்கில் இல்லாமல், சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக இரண்டடி இடைவெளியில் கோடுகள். விசாரித்ததில், காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்கு முடித்திருக்கிறார்கள். வேலைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்ததால் மறுநாள் காலை வரை யாரும் ஒரு குடம் ஊற்றவில்லை. முதல் நாள் மாலையிலேயே விரிசல் விழுந்திருக்கும், கண்டது மறுநாள். சாம்பல் கலவாத சிமெண்ட் போட்டிருந்தாலும் அந்த வெயிலில் விழுந்திருக்கக்கூடிய விரிசல்தான் அது. "அப்ப சாம்பல் மேல பழியில்லையா?" என்று அக்கா கேட்டார். "இருக்கு அக்கா, கொஞ்சம் மெதுவாப் போற ஆளு அது. கூடவே நிக்க ஆளில்லாம விட்டதுதான் தப்பு" என்றேன்.

'53 கிரேடு போட்டிருந்தா இந்த வம்பே இல்ல' என்பாரும் உண்டு. பி.பி.சி. 28 நாளில் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வலு 33 மெகாபாஸ்கல். 53 கிரேடு சாதாரணச் சிமெண்டுக்கு அது 53. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 53 கிரேடு சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வலுக்கும், சூட்டையும் சீக்கிரம் கக்கும். அவசர வேலைக்கும் சிறப்புக் கட்டுமானங்களுக்கும் அது தேவைப்படலாம். பி.பி.சி. 28 நாளோடு நிற்பதில்லை. ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் வலுத்துக்கொண்டே போகும். பொறியாளர் வகுத்த கலவைப்படி போட்டால் வீட்டு வார்ப்புக்குப் பி.பி.சி. தாராளமாகப் போதும்.

வார்ப்புக்கு முன்னும் பின்னும்

செய்ய வேண்டியவற்றை நடைமுறைக்கு ஏற்ற வரிசையில் தருகிறேன்.

தண்ணீரை முதலில் கணக்கிடுங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 2,500 லிட்டர் வேண்டும். வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால், அன்றாடம் 500 லிட்டர் சேர்க்க வேண்டும். மீனத்தில் நம் கிணறுகள் இதைத் தருமா என்று பார்த்து, தராவிட்டால் லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டே நாள் குறிக்க வேண்டும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் பணம் எடுத்து வைப்பதுபோல இதற்கும் எடுத்து வைக்க வேண்டும்.

மூட்டையைப் பாருங்கள். ஐ.எஸ். 1489 என்ற எண்ணும், தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பழைய சரக்கு வேண்டாம். பி.பி.சி.யில் ஏற்கெனவே சாம்பல் இருப்பதால் வேலையிடத்தில் மேலும் சாம்பல் சேர்க்க இடம் தராதீர்கள்.

விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க முயலுங்கள்; அல்லது மாலையில் தொடங்கலாம். ஜல்லிக் குவியலை முந்தின நாளே நனைத்து ஓலையால் மூடி வையுங்கள். பலகையையும் கம்பியையும் தண்ணீர் தெளித்து ஆற்றுங்கள். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.

வாளியில் கோடு போடுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்பது வீட்டு வார்ப்புக்கு நல்ல அளவு. மணலும் எம்-சாண்டும் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இதில் சேர்த்தி. கலவை கெட்டியாக இருக்கிறது என்றால் தண்ணீருக்குப் பதிலாகப் பொறியாளரைக் கேட்டு இளக்கும் மருந்து சேர்க்கலாம்.

பரப்பி மட்டம் செய்த இடத்தை உடனுக்குடன் பாலித்தீன் விரிப்பால் மூடிக்கொண்டே போங்கள். முழுவதும் முடிந்த பிறகு மூடலாம் என்று காத்திருந்தால் முதலில் போட்ட மூலை கீறிவிடும். ஓரிரு மணி நேரத்தில் மெல்லிய கீறல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இறுகுமுன் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இதற்காக ஒரு கொத்தனாராவது மாலை வரை இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பந்தியை மாலைக்கு மாற்றி வைத்தால் இது தானாக நடக்கும். மேலே ஊறிய தண்ணீரை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டுத் தூளைத் தூவும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அந்தத் தோல் பின்னால் உரிந்துவரும்.

விரல் அழுத்தினால் பதியாத நிலை வந்ததும் நனைத்த சணல் சாக்கு. மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர். எத்தனை நாள்? ஐ.எஸ். 456 விதி சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்கிறது. சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் சொல்கிறது. நாம் 14 நாளையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு நாள் காய்ந்து மறுபடி நனைப்பது பட்டினிக்குப் பின் விருந்து போடுவது மாதிரி. இழந்தது முழுவதும் திரும்பாது.

முட்டைப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது சாதாரணச் சிமெண்டுக்கு அதே விதி தரும் குறைந்தபட்சக் கணக்கு. பி.பி.சி. மெதுவாக வலுப்பதால் அதற்கு மேலும் சில நாள் பொறுத்து, பொறியாளர் சொன்ன பிறகே பிரிக்க வேண்டும். முட்டுச் சாமான் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்க் கூரை தொய்ந்துவிடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் விரிசல் கண்டால் உடனே சிமெண்டுப் பால் ஊற்றி மறைக்காதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். சில வாரம் கழித்தும் அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் அது ஓய்ந்த விரிசல், அடைத்தால் போதும். நீண்டாலோ அகன்றாலோ, கூரையின் அடியில் தெரிந்தாலோ பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.

முடிவுரை

அக்கா வீட்டு விரிசல்களுக்குப் பென்சில் கோடு போட்டுப் பார்த்ததில் அவை வளரவில்லை. வி வடிவில் கீறி, பொறியாளர் சொன்ன கலவையால் அடைத்து, மேலே நீர்க்காப்புப் பூச்சும் செய்தோம். அந்தச் செலவு, வார்ப்பு நாளில் இரண்டு லாரித் தண்ணீரும் ஐம்பது சாக்கும் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போலப் பல மடங்கு. பின்னர் மேல் தளத்துக்கு வார்ப்புப் போட்டபோது அதே பி.பி.சி. மூட்டைதான் வாங்கினார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. விரிப்புகளை அக்காவே விலைக்கு வாங்கி மடித்து வைத்திருந்தார். கொத்தனார்களுக்குக் கோழிக்கறி அந்திக்குத்தான் கிடைத்தது.

ஆக, 'உள்ளதா?' என்ற கேள்விக்கு விடை இது: சாம்பல் விரிசலைக் குறைக்கும்; ஆனால் தானாகக் குறைக்காது. தண்ணீரைக் கலவையில் குறைத்து, கூரை மேல் கூட்டி, பதினான்கு நாள் பொறுப்பவர்களுக்கு அது நல்ல துணை. வருகிற மாசியில் வார்ப்புக்கு நாள் பார்க்கும் குடும்பங்கள், பஞ்சாங்கத்தோடு கிணற்றின் ஆழத்தையும் பார்த்து நாள் குறிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.